போத்தலின் அடியில் மூன்று விரல் மணல்

கோயில் குதிரை வாகனத்துக்கு வயிறு இல்லை.
வருசத்தில் ஒருமுறை தூசி தட்டினால் போதும்.
எனக்கு வாய்த்ததோ முழுக்க வயிறு,
நாலு கால் அதைச் சுமக்க.

நுவரெலியாவில் ஓடித் தோற்றதை
கலியாணப் படம் எடுக்கவென்று
லொறியில் ஏற்றிவந்தான் மச்சான் குகதாஸ்.
மாப்பிள்ளைமார் ஏறப் பயந்தார்கள்.
பதினொரு கலியாணம்.
பிறகு அவன் கட்டாருக்குப் போனான்.
குதிரை வற்றாப்பளையில் நின்றது
என் வளவில், பப்பாசி மரத்தடியில்,
கயிற்றின் நீளத்துக்கு வட்டமாய்ப் புல்லை முடித்தபடி.
பந்தயக்காரர் வைத்த பேர் என் வாயில் நுழையாது.
டேய் என்பேன். காதைத் திருப்பும்.

ஆவணியில் புல் செத்தது.
வேரைக் கடித்து இழுத்தது.
நான் வைக்கோலை நிலத்தில் கொட்டினேன்,
மாட்டுக்குக் கொட்டுகிற மாதிரி.
அதுதான் பிழை.

அன்றிரவு அது
தன் விலாவைத் திரும்பிப் பார்த்தது,
பின்னால் ஆரோ கூப்பிட்ட மாதிரி.
மறுபடி பார்த்தது.
முன்காலால் மண்ணை விறாண்டியது.
மேலுதட்டை மடித்துச் சிரித்தது.
சிரிப்பல்ல என்று விளங்க
எனக்கு ஒரு மணித்தியாலம் பிடித்தது.

"வயித்தில காதை வையுங்கோ அக்கா,"
போனில் டொக்டர் அனோஜினி, நித்திரைக் குரலில்.
"ரெண்டு பக்கமும்."
இடப்பக்கம் எங்கேயோ வண்டில் உருள்கிற சத்தம்.
வலப்பக்கம்
ஒன்றுமில்லை.

சத்தத்துக்கு அல்ல,
சத்தம் நிற்பதற்குப் பயந்த காலம் ஒன்று
இந்த ஊரில் எங்களுக்கு இருந்தது.
அது வேறு கதை.
ஆனால் காதுக்கு அது தெரியும்.
காது அந்தத் தோலில் ஒட்டியபடியே
குளிர்ந்துபோனது.

"குதிரைக்குச் சத்தி எடுக்க ஏலாதக்கா.
உள்ள போனது
முழு நீளமும் போய்த்தான் வெளியில வரவேணும்.
சாப்பாடு ஒண்டும் குடுக்காதேங்கோ.
உருள விடாதேங்கோ. வாறன்."

இரண்டு மணிக்கு மோட்டார் சைக்கிளில் வந்தார்,
முதுகில் வாளி, தோளில் சுருட்டிய பைப்.
மூக்கு வழியாய் வயிற்றுக்கு இறக்கி
எண்ணெய் ஊற்றினார், ஊசி போட்டார்.
"கொஞ்சம் நடத்துங்கோ,
களைச்சால் நிக்க விடுங்கோ."
கோயில் வீதியில் நடந்தோம்,
அது, நான், எங்களுக்கு நடுவில் ஒரு கயிறு.

சென்றிக்காரன் ரோச் அடித்தான்.
குதிரையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.
"படே அமாறுவ" என்றேன்
எனக்குத் தெரிந்த அரைச் சிங்களத்தில்.
தலையாட்டி வெளிச்சத்தை அணைத்தான்.
அவனுக்கும் வயிறு இருக்கிறது.

ஐந்தேமுக்காலுக்கு வாலைத் தூக்கியது.
கோயில் பக்கம் பார்த்துக் கும்பிட வேண்டிய கையை
நான் கீழே நீட்டினேன்.
ஆறு உருண்டை. சூடாக.

டொக்டர் இரண்டை உடைத்து
சோடாப் போத்தலில் தண்ணீரோடு குலுக்கி
மதிலில் வைத்தார்.
பார்த்துக்கொண்டிருந்தோம்.
நார் மிதந்தது.
அடியில் மெல்ல மெல்ல
நந்திக்கடல் பக்கத்து வெள்ளை மணல்,
மூன்று விரல் உயரம்.
அதற்குள் மினுங்குகிற ஒரு பொட்டு.
மட்டியோ, வேறேதோ.
அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

இப்போது வைக்கோல் நிலத்தைத் தொடுவதில்லை.
கிழிந்த மீன்வலையில் நிறைத்து
நெஞ்சுயரத்தில் கட்டியிருக்கிறேன்.
கீழே பழைய லொறி டயரை விரித்த றப்பர்.
கொஞ்சம் கொஞ்சமாய், நாளுக்கு ஐந்து தரம்.
மாதத்தில் ஒரு கிழமை இசப்கோல்.
தண்ணீர் எப்போதும்.
கலியாண வீட்டுச் சோறு கொண்டுவருகிறவர்களை
படலையிலேயே திருப்பிவிடுகிறேன்.
காலையில் சாணத்தை எண்ணிவிட்டுத்தான்
தேத்தண்ணி.

ஞாயிற்றுக்கிழமை குகதாஸ் எடுத்தான்.
"ஒருத்தன் கேக்கிறான், விப்பமோ?"
பதில் சொல்லாமல்
போனை வலப்பக்க விலாவில் வைத்தேன்.
கனநேரம் கேட்டுக்கொண்டிருந்தான்.

"என்ன இரைச்சல் அது? மழையோ?"

ஆவணியில் இங்கே மழை இல்லையென்பது
அவனுக்கு மறந்துபோயிற்று.
ஓம் என்றேன்.