ஆள் இருக்கும் அறை

மொந்திஜு கார்க் ஆலையில்
ராத்திரி தரை துடைப்பவள் ஃபெலிஸ்மினா.
ஆய்வறை மேசையில்
உறை மாட்டாமல் போட்டுப் போயிருந்தார்கள்
நுண்ணோக்கியை.

துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துக் குனிந்தாள்.
முதலில் தெரிந்தது தன் இமைமயிர்தான்.
பிறகு கார்க் சீவல்:
அறை, அறை, அறை.
கதவில்லை. காற்றைத் தவிர
உள்ளே ஒருவரும் இல்லை.
முதலில் பார்த்தவன்
இதற்கு அறை என்றே பெயர் வைத்தானாம்.
அவளுக்குப் பெனிஷ் கோட்டைதான்
நினைவுக்கு வந்தது.
பெல்மீருவை அங்கே கொண்டுபோய்ப்
பதினாலு மாதம்.

சாப்பாட்டுப் பொட்டலத்தில் பாதி வெங்காயம்.
நகத்தால் உரித்தாள்
ஈரக் கண்ணாடிபோல் ஒரு தோல்.
அயோடின் ஒரு சொட்டு;
அவர்கள் செய்ததை ஒருதரம் பார்த்திருக்கிறாள்.
திருகத் திருக
மங்கலிலிருந்து எழுந்து வந்தன
அதே அறைகள்.
ஆனால் ஒவ்வொன்றிலும்
சுவரோரம் ஒதுங்கி
ஒரு பழுப்புப் புள்ளி.

ஞாயிற்றுக்கிழமைக் கடிதத்தில் எழுதினாள்:
"வெங்காயம் உரித்தேன், அழவில்லை.
எல்லா அறையிலும் ஆள் இருக்கிறது."

தணிக்கைக்காரன்
முதல் வரியை விட்டுவிட்டான்.
இரண்டாவதன்மேல் கறுப்பு மை,
இரண்டு தடவை.

பெல்மீரு அந்தக் காகிதத்தை
விளக்குக்கு நேரே
தூக்கிப் பிடித்தான்.