முக்காட்டுக்கு உதடு கிடையாது

மாஹிமில் ஏறினால் அந்தேரி பதினெட்டு நிமிடம்.
ஜிப் ரிப்பேர் கடைக்கு மேல்மாடி,
ஜன்னல் இல்லாத அறை.
அங்கேதான் நான்
ஒரு பீகார் கிராமத்துக் கல்யாணத்தைத்
தமிழில் நடத்தி வைக்கிறேன்.

சம்பளம் நாளுக்கு. குரலுக்குக் கணக்கில்லை.
காலையிலிருந்து மாப்பிள்ளையின் அத்தை நான்.
மாலையை மேய்ந்துவிட்ட ஆட்டைத்
துடைப்பத்தோடு துரத்தும் சம்பந்தியம்மா நான்.
பந்தியில் அப்பளம் கேட்டு அழும் பொடியனும் நானே.
அவன் கேட்பது பூரி.
அப்பளமாக்கியவர் வசனம் எழுதும் தில்லைராசன்.
"'ப' வந்தாப் போதும், உதடு ஒட்டிரும்" என்பார்.

உதடுதான் எங்களுக்குச் சாத்திரம்.
ஒட்டாத வாயில் 'மாட்டேன்' நிற்காது.
'நஹீ' என்று வாய் திறந்து கத்தியவளுக்கெல்லாம்
'இல்லீங்க' என்று
குழைந்து கொடுத்திருக்கிறேன்.

ஏழாவது ரீல்.
கேட்ட புல்லட் வண்டி வரவில்லை.
புரோகிதருக்கு வயிற்றைக் கலக்குகிறது.
பேண்டு செட் வழிதவறிப்போய்
அடுத்த ஊர்க் கல்யாணத்தில் வாசித்துக்கொண்டிருக்கிறது.
ஊரே கட்டிப் புரள,
நெஞ்சுவரை சிவப்பு முக்காடு போட்டு
மணப்பெண் உட்கார்ந்தே இருக்கிறாள்.
ஒரே ஒருமுறை
முக்காடு அசைகிறது.

"இவ என்ன சொல்றா?"
ஒரிஜினலில் சத்தமில்லை. தாளில் வசனமில்லை.
"எதையாவது முணுமுணுங்க பேச்சியம்மா.
முக்காட்டுக்கு உதடு கிடையாது."

எங்கள் கல்யாண சிடியிலும்
அப்படி ஒரு இடம் உண்டு.
தொண்ணூறடி ரோட்டு மண்டபம்,
தாலி ஏறுகிற நொடி,
குனிந்த என் வாய் அசையும்.
மேலே கெட்டிமேளம், ஒன்றும் கேட்காது.
வீட்டுக்கு வரும் ஒவ்வொருவருக்கும்
இசக்கித்துரை அங்கே நிறுத்திக் காட்டுவார்:
"பாத்தீகளா, சுடலைமாடனக் கும்பிடுதா.
எங்க குலசாமி. யாரும் சொல்லிக் குடுக்கல."
பத்தொன்பது வருஷம்
டீயைக் கையில் வைத்துக்கொண்டு
நானும் தலையாட்டியிருக்கிறேன்.

சிவப்பு விளக்கு எரிந்தது.
மைக்குக்கு ஒரு சாண் நெருங்கினேன்.
"யக்கா, ஒண்ணுக்கு முட்டுது.
இவனுவ எப்ப முடிப்பானுவ?"

கண்ணாடிக்கு அந்தப்புறம்
கிரண் சாவந்துக்குத் தமிழ் தெரியாது.
தில்லைராசன் மேசையில் சரிந்ததைப் பார்த்து
கட்டைவிரலை உயர்த்தினான்.
ஓகே டேக்.

ஞாயிறு மத்தியானம் டிவியில் போட்டார்கள்.
தாராவியில் எங்கள் சந்தில்
பாதி வீட்டில் அதே சேனல்.
ஆட்டுக்குச் சிரிப்பு வந்தது, புல்லட்டுக்கு வந்தது,
எல்லாம் ஆம்பளைச் சத்தம்.
முக்காடு அசைந்தது.

முதலில் கேபிள் வைத்த வீடுகள்.
தகரச் சுவருக்கு அந்தப்பக்கம்
செல்லக்கனி எதையோ கீழே போட்டாள்.
இரண்டு விநாடி கழித்து டிஷ் வைத்த வீடுகள்,
மாடியில் மரகதவல்லி, குழாயடி வீட்டு மாமியார், மருமகள்,
முந்தானையால் பொத்தியும் பொத்த முடியாமல்
எந்தெந்த மண்டபத்திலோ அடக்கிவைத்தது
இப்போதுதான் வெளியே வருகிறாற்போல.

இவர் சிரிக்கவில்லை.
முறுக்கு வாய்க்குப் போகும் வழியில் நின்றது.
ஆயிரம் குரலில் பேசினாலும்
என் குரல் இவருக்குத் தெரியும்.

விளம்பரம் வந்தது. ஒரு சோப்பு, ஒரு வங்கி.

"அப்ப சுடலைமாடன்?"
"அவருக்கும் தெரியும்."

இன்னொரு சோப்பு.
முறுக்கைத் தட்டில் திரும்ப வைத்தார்.

"எத்தன மணிக்குத்தான் போன?"
"மூணு இருக்கும். ஒங்க பெரியம்மை
துன்னூறு பூசி முடிச்ச பெறகு."

படம் மறுபடி ஆரம்பித்துவிட்டது.
ஆடு எதையோ மென்றது.
இவர் திரையைப் பார்க்கவில்லை,
விரல் மடக்கிக்கொண்டிருந்தார்.

"ஏழரைல இருந்தாட்டீ?" என்றார்.