நூத்தி இருபத்திநாலு

பெருமாநல்லூர் ரோடு, கட்டிங் யூனிட்டுக்கு மேல்மாடி.
சுவரெல்லாம் சாக்கு.
மைக்கின் முகத்தில் செகண்ட்ஸ் பனியன் துணி.

நான் எழுதிப் போனது தொண்ணூறு வேகத்துக்கு.
பூம்-பேப். வரிக்கு நடுவே
டீ உறிஞ்ச இடமிருக்கும்.

ட்ராப்பில் போட்டால் எல்லாரும் நீங்கதானக்கா,
ட்ரில்லில் போட்டால் லண்டன் மழை பெய்யும்
என்றான் மௌலீஸ்.
கேட்காமலே ஹவுஸை ஓட்டினான்,
நூத்தி இருபத்திநாலில்.

மூன்றாம் வரியில் மூச்சு அறுந்தது.
வட்டிக்காரன் மாதிரி
வாசலில் நின்றது அடுத்த கிக்.

உவமைகளை வெட்டினேன்.
அப்பா வரும் பத்தியை வெட்டினேன்.
ஓவர்டைம் கணக்கையும் சூப்பர்வைசர் பேரையும்
விட்டுவைத்தேன்.

அப்போதுதான் கேட்டது:
எங்கள் பேச்சின் வாலில் தொங்குமே அந்த "ங்",
கிக்குக்கும் கிக்குக்கும் நடுவில்
ஹை-ஹேட் வாய் திறக்கும் இடத்தில்
தானாகப் போய் விழுந்தது.

சம்பளம் எப்பங்?
திங்கக்கெழமைங்.
எந்தத் திங்கக்கெழமைங்?

மரியாதை இப்படி உதைக்குமென்று
நான் நினைத்ததில்லை.

பதினோரு மணிக்குக் கதவு தட்டினார்கள்.
சத்தத்துக்குத் திட்டப் போகிறார்கள் என்று
மௌலீஸ் பாட்டை நிறுத்தினான்.
கீழ்த்தள ஓவர்லாக் டெய்லர்,
தோளில் நூல் பிசிறு, பேர் தெரியாது.

கொஞ்சம் கூட்டி வைங்,
மிசின் சத்தத்துல பாதி வார்த்தை விழுகலைங்.

இறங்கப் போனவர் படியில் திரும்பி
அந்தத் திங்கக்கெழமைய மட்டும்
இன்னொருக்கா, என்றார்.