நல்லெண்ணத்தோடு

பிஸ்மார்க். ஜனவரி. வெளியே
விட்ட மூச்சு கீழே விழுந்து உடையும் குளிர்.
மூன்றாம் எண் அறையில் நான் சுருக்கெழுத்துக்காரி.
பேசுவதைப் பதிகிறேன். பேசாததற்கு
என் இயந்திரத்தில் விசை இல்லை.

மசோதா சின்னது, ஒன்றரைப் பக்கம்.
குழந்தைக்கு ஆபத்தென்று கேள்விப்பட்டு
அதிகாரிகளுக்குச் சொல்லும் தொண்டு நிறுவனத்தின்மேல்,
அதன் ஊழியர்மேல், சம்பளமில்லாமல் வந்து உதவுபவர்மேல்,
நல்லெண்ணத்தோடு சொல்லியிருந்தால்
எவரும் வழக்குப் போட முடியாது.
நல்லெண்ணத்தோடு. மூன்று மணிக்குள்
பதினோரு முறை அடித்துவிட்டேன் அந்தச் சொல்லை.
எண்ணிப் பார்த்தேன். எண்ணங்களை எண்ணுவது
என் வேலையில்லை. சொற்களைத்தான்.

முதலில் வந்தவர் வெண்டல் ஷ்மிட்கே.
மாட்டுப்பண்ணைக்காரர். கழற்றிய தொப்பியை
என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் வைத்திருந்தார்.
கன்று உதைத்த காயம், என்றார். மகளின் தொடையில்.
யாரோ பார்த்தார்கள், யாரோ போன் செய்தார்கள்,
மைனாட்டில் யாரோ எழுதிக்கொண்டார்கள்.
ஷெரிஃபின் வண்டி வந்தபோது
பள்ளிப் பேருந்தும் வாசலில் நின்றது,
அத்தனை ஜன்னலிலும் முகங்களோடு.
நாற்பது நாளில் கோப்பை மூடிவிட்டார்கள்.
கோப்புக்கு மூடி உண்டு, ஊர் வாய்க்கு ஏது?
தேவாலயத்தில் எங்கள் பெஞ்சில் இப்போது
இடம் தாராளமாகக் கிடைக்கும், என்றார்.
பின்வரிசையில் சிரிப்பு. அதையும் பதிந்தேன்.
பணம் வேண்டாம் எனக்கு.
மன்னிப்புக் கேட்கக்கூட ஒருவரும் இல்லாதபடி
எழுதிவைக்கிறீர்களே,
அதைச் சொல்லத்தான் நூற்றுப் பத்து மைல்.

அடுத்து டார்லீன் ஹௌஃப்.
டயர்க் கடைக்கு மேலே இரண்டு அறை, மூன்று போன்,
பத்தொன்பது வருடம் இரவு வேலை.
எழுதி வந்த தாளை மடித்துப் பையில் போட்டுவிட்டு
ஒரு வக்கீல் நோட்டீஸைப் பற்றிப் பேசினார்.
எங்கள் ஒரு வருடச் செலவைவிடப் பெரிய தொகை அதில்.
அதற்குப் பிறகு மணி அடித்தால்
எடுப்பேன், கேட்பேன், 'உறுதியாகத் தெரியுமா?' என்பேன்.
அதுவரை ஒருவரையும் அப்படிக் கேட்டதில்லை.
பக்கத்து வீட்டுக்காரிக்கு எப்படி உறுதியாகத் தெரியும்?
சுவர் வழியாகக் கேட்டவள் அவள்.
மார்ச் ஒன்பது, இரவு இரண்டு இருபது.
ஒரு பெண் பேசினாள். எழுதிக்கொண்டேன்.
விடியட்டும், இயக்குநரிடம் கேட்டுவிடலாம் என்று
அந்தத் தாளைக் காபிக் கோப்பைக்கு அடியில் வைத்தேன்.

அதன்பின் அவர் பேசவில்லை.
என் விரல்கள் விசைகளுக்குமேல் காத்திருந்தன.
தலைவர், 'அந்தக் குழந்தை' என்று தொடங்கி
தண்ணீர்க் குவளையை எடுத்துக்கொண்டார்.
சுவருக்குள் வெந்நீர்க் குழாய் டக் டக்கென்றது.
பதிவில் அங்கே ஒரு வரி வெறுமையாக இருக்கும்.
அச்சுப் பிழையென்று யாராவது நினைக்கலாம்.

திருத்தங்கள். பொய்யென்று தெரிந்தே சொன்னவருக்கு
விலக்கு இல்லை. எல்லோரும் தலையாட்டினார்கள்.
தவறென்று தெளிந்தால் அந்தக் குடும்பத்துக்கு
நிறுவனம் கையெழுத்திட்டு ஒரு கடிதம்.
கடிதமென்றால் ஒப்புதல், என்றார் சட்ட ஆலோசகர்,
ஒப்புதலென்றால் வழக்கு.
வழக்கே போட முடியாதென்று எழுதிய பிறகு
ஒப்புதலுக்கு என்ன பயம்?
என்னை யாரும் கேட்கவில்லை.
கடிதம் தோற்றது, ஏழுக்கு ஆறு.
மசோதா வென்றது, பதினொன்றுக்கு இரண்டு.
நானாக இருந்தால் இரண்டுக்குமே கை தூக்கியிருப்பேன்.

நாலு பன்னிரண்டுக்குப் பதிவு முடிந்தது.
ஜன்னலில் பார்த்தேன், டார்லீனின் கார் கிளம்பவில்லை.
ஷ்மிட்கே தன் டிரக்கை மூக்கோடு மூக்காக நிறுத்தி
பேட்டரிக் கம்பியை மாட்டினார், சிவப்பை முதலில்.
அவர் பெயரை எழுதிக்கொண்ட கை
இந்தப் பக்கம் நிற்பவருடையதா?
அவருக்குத் தெரியாது.
சொல்ல வேண்டியதில்லை என்கிறது ஐந்தாம் உட்பிரிவு.
இருவர் வாயிலிருந்தும் வெள்ளைப் புகை.
பேசுகிறார்கள், அல்லது சும்மா மூச்சு.
இரட்டைக் கண்ணாடி, ஒன்றும் கேட்கவில்லை.
பழக்கதோஷம்,
ஜன்னல் விளிம்பில் என் விரல்கள் அசைந்துகொண்டிருந்தன.