கூறினார்

இரவு வேலைக் கொப்பியில் நாலு கட்டங்கள்:
சாப்பாடு, நித்திரை, குளிசை, பேச்சு.
எட்டாம் கட்டில் சவிரிமுத்தருக்கு
கடைசிக் கட்டத்தில்
இருபத்தொரு நாளாய் ஒரே சொல் எழுதுகிறேன்:
இல்லை.

பாசையூர்ச் சந்தையில் மீன் கூறினவராம்.
முப்பத்தெட்டு வருசம்.
ஒட்டியும் ஓராவும் குவிகிற விடியலில்
கோயில் மணிக்கு முந்தி அந்தக் குரல் எழும்பும் என்று
அற்றென்டன் ஜெயசீலன் சொன்னான்,
அவன் அந்தப் பக்கத்துப் பொடியன்.
இங்கே அவர் வாய் திறப்பது
குளிசை இறங்கிவிட்டதா என்று நான் பார்க்க மட்டும்.
நாக்கைத் தூக்கிக் காட்டுவார்,
பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி.
அந்தக் கீழ்ப்படிவைப் பார்க்கத்தான் எனக்கு ஏலாது.

பக்கத்துக் கட்டில் அம்பலவாணர்
நடுச்சாமத்தில் எழும்பிப் பெட்டி கட்டுவார்,
கொழும்பு மெயிலுக்கு நேரமாச்சாம்.
'இன்னும் சிக்னல் விழேல்லை ஐயா' என்பேன்.
படுப்பார்.
அவரோடு எனக்குச் சுகம். பொய்க்கு ஒரு பதில் வரும்.
சவிரிமுத்தரிடம் எந்தப் பொய்யும் எடுபடாது.
முதுகு துடைக்கிறேன். நகம் வெட்டுகிறேன்.
சாரம் மாற்றும்போது மற்றப் பக்கம் பார்க்கிறேன்.
இதற்கெல்லாம் கொப்பியில் கட்டம் இல்லை.

புதன்கிழமைகளில் மனைவி அனஸ்தாசியா வருவார்,
இரண்டு பஸ் மாறித் தெல்லிப்பழைக்கு.
அயலுக்குச் சொல்லி வைத்திருப்பது
பிறஷர் கிளினிக் என்று.
'யோசினையை விடுங்கோ எண்டு எத்தினை தரம் சொல்லிட்டன்.
என்னில ஏதும் கோவமோ மிஸி?
ஒருக்காக் கேட்டுச் சொல்லுங்கோவன்.'
அவருக்கு முன்னாலேயே கேட்கிறார்,
கட்டில் வெறுமையாய் இருப்பது போல.
கோவமில்லை அம்மா, இது வருத்தம்,
காய்ச்சல் வந்தவன் ஆரில கோவிச்சுக் காய்கிறான், என்றேன்.
தலையாட்டினார். நம்பவில்லை.
சோற்றைக் குழைத்து ஊட்டினார்.
நாலு வாய், என்று எழுதினேன்.

இருபத்திரண்டாம் நாள்.
மார்கழி மழை. ஐந்து மணித் தேத்தண்ணி.
கோப்பையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.
'சீனி காணாது.'

மணலில் வள்ளம் இழுக்கிறது போல ஒரு சத்தம்.
அம்பலவாணராக்கும் என்று திரும்பிப் பார்த்தேன்.
இல்லை. இவர்தான்.
சீனி வருத்தக்காரன், போட வழியில்லை.
'டொக்டர் வேண்டாமெண்டு எழுதியிருக்கிறார் ஐயா.'
'கழுநீர்' என்றார்.
ஜெயசீலன் கூட்டுமாறோடு ஓடி வந்தான்,
ஏதோ விழுந்துவிட்டதென்று.

கட்டம் சின்னது. ஓரத்திலும் எழுதினேன்:
தேநீரில் சீனி காணாது எனக் கூறினார்.
கழுநீர் எனவும் கூறினார்.
எழுதி முடித்த பிறகுதான்
அந்தச் சொல் எனக்குத் தெரிந்தது.

பகல் வேலைக்கு வந்த பத்மலோசினி சிஸ்டர் வாசித்தார்.
சிரிக்கவில்லை. சிவப்புப் பேனையால் கீறினார்.
'இனித்தான் பிள்ளை கவனம்.
மனம் எழும்ப முந்திக் கால் எழும்பியிடும்.'
முப்பது வருச வேலையில்
எவரெவரை நினைத்துச் சொன்னாரோ,
நான் கேட்கவில்லை.
கதிரையைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டோம்.

புதன் வந்தது. அனஸ்தாசியாவிடம் சொன்னேன்.
'சீனியோ?
எட்டு வருசமா அரைக் கரண்டிதான் போட்டனான், மிஸி.
அது எனக்குச் சொன்னது.'
முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.
சிரிப்போ அழுகையோ,
ஆறாம் கட்டில் வரை கேட்டது.
'திட்டட்டும், திட்டட்டும்' என்றார்.

அன்று அவர் ஒன்றும் பேசவில்லை.
சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.
ஏழு வாய் சாப்பிட்டார்.

இப்போது மணி இரண்டரை.
அம்பலவாணரின் ரயில் இன்னும் வரவில்லை.
கதிரையில் இருக்கிறேன்.
முகம் சுவரைப் பார்த்தபடி, முதுகு என்னைப் பார்த்தபடி.
அது மூச்சோடு ஏறி இறங்குகிறதை
எண்ணுகிறேன்,
விலை கேட்டு நிற்கிறவள் மாதிரி.