வசைப் பந்தி

பேருந்தில் ஓர் இருக்கை மிஞ்சியிருந்தது.
மாப்பிள்ளையின் சித்தப்பா பதிவறைக்கு வந்து
என் மேசை விளிம்பில் உட்கார்ந்து
"வீட்டில் என்ன செய்யப் போகிறீர், கிளம்பும்" என்றார்.
இப்படித்தான் நான் மாப்பிள்ளை வீட்டுக்காரன் ஆனேன்.

கோசிப் பாலத்தில் எல்லோரும் சில்லறை எறிந்தார்கள்.
நானும் ஒரு ரூபாய் எறிந்தேன்.
தண்ணீரில் விழுந்ததோ மணலில் விழுந்ததோ,
பங்குனியில் அந்த ஆற்றுக்கே தெரியாது
தன் தண்ணீர் எந்தப் பக்கம் என்று.

ஜஞ்சார்பூர் தாண்டி ஊர். இரவு பதினொன்று.
ஜெனரேட்டர் இருமும்போதெல்லாம்
பந்தல் ஒரு கணம் இல்லாமல் போய்த் திரும்பி வந்தது.
மாப்பிள்ளை முகுந்துக்குச் சிவப்புப் பாகை
காது வரை இறங்கியிருந்தது, இரவல் வாங்கியதுபோல.
எனக்குக் கால் கழுவத் தண்ணீர் ஊற்றியவர்
செருப்பின் தையலைப் பார்த்தார்,
பிறகு பார்க்காதவர் ஆனார்.

பந்தி.
அவல், சட்டியைக் கவிழ்த்தாலும் விழாத தயிர்,
கடுகு அரைத்துவிட்ட மீன்.
அப்போது ஒரு பையன் வந்தான்,
நோட்டில் கிழித்த தாளும் மொட்டைப் பென்சிலுமாய்.
"பேர் சொல்லுங்க. உள்ளே கேக்கிறாங்க."

எதற்கென்று தெரியும்.
மிதிலைப் பக்கம் பெண் வீட்டுப் பெண்கள்
சாப்பிடுகிற விருந்தாளியைப் பாட்டில் திட்டுவார்கள்.
திட்டு வாங்காமல் எழுந்தவன்
பட்டினியாய் எழுந்தவன்.
"ஹரேகாந்த் லால்" என்றேன்.
எழுத்துக் கூட்டி எழுதினான், ஒரு கால் போட மறந்தான்.

சேலைத் திரைக்குப் பின்னால் டோலக்.
முதலில் சித்தப்பாவுக்கு:
அவர் மீசை எருமை வாலில் கடன் வாங்கியது.
அடுத்து வங்கி மேலாளருக்கு; அதை இங்கே எழுத முடியாது.
பிறகு நான்.

    ஹரேகாந்த் பெண்டாட்டி
    தபால்காரன் சைக்கிளில் ஏறிப் போனாள்
    பூட்டை மட்டும் விட்டுப் போனாள்
    சாவியைக் கொண்டு போனாள்

பந்தி முழுக்கச் சிரிப்பு.
சித்தப்பாவின் கை மட்டும் தயிரில் நின்றது.
அவருக்குத் தெரியும். சஹர்சாவில் எல்லோருக்கும் தெரியும்.
பதினோரு வருடம் ஒருவரும் சொன்னதில்லை.
நான் தெருவில் வந்தால் பேச்சு மாறும்,
அதுவும் மரியாதையாக.
"பிறந்த வீட்டில் இருக்கிறாள்" என்பேன்,
கேட்டவரே அவசரமாய்த் தலையாட்டுவார்.

தபால்காரன் இல்லை. சைக்கிள் இல்லை.
காலை ஆறு பத்து, கதிஹார் ரயில்.
சாவி விஷயம் மட்டும் சரி.

சிரித்தேன்.
முதலில் சித்தப்பாவுக்காக.
பிறகு நிறுத்த வரவில்லை,
தயிர் மூக்கில் ஏறிப் புரையேறும் வரை.
யாரோ நினைக்கிறார்கள், என்று
முதுகில் தட்டினார் பக்கத்து இலைக்காரர்.

நூறு ரூபாயைப் பையன் கையில் வைத்தேன்.
"இன்னொரு அடி பாடச் சொல்."
ஓடினவன் திரும்பி வந்தான்.
"அத்தை கேக்கிறாங்க,
உங்க வீட்டம்மா பேர் என்னன்னு."

பென்சில் காத்திருந்தது.
என் இலையில் மீன் தலை காத்திருந்தது.
விருந்தாளிக்கென்று அதைத்தான் வைத்திருந்தார்கள்.
வீட்டிலும் அது எனக்குத்தான் வரும்,
தினமும், கேட்காமலே.
"சுனயனா" என்றேன்.
பையனுக்குக் கேட்கவில்லை.
மறுபடி சொன்னேன்.

உள்ளே கொஞ்சம் குசுகுசு. வளையல் சத்தம்.
டோலக் இம்முறை மெதுவாக.
என்னை யாரும் திட்டவில்லை.

    அடி சுனயனா, போன இடத்தில்
    மீன் தலை உனக்கு உண்டா?

பந்தி சிரித்தது, தயிர் மறுபடி வந்தது.
நான் கையைக் காயவிட்டு
திரைப் பக்கம் காதை வைத்து உட்கார்ந்திருந்தேன்,
அடுத்த அடியில்
அவள் பதில் சொல்லிவிடுவாள் என்பதுபோல.