கோட்டுகளின் உட்புறம்

மைனஸ் இருபத்தெட்டில்
கைப்பேசி நான்கு நிமிடம் உயிரோடிருக்கும்.
ஐந்தாவதில் திரை கறுத்துவிடும்.
அக்குளில் வைத்து அடைகாத்து எடுத்தால்
இன்னும் நான்கு.

இப்படித்தான் உலான் பத்தூரின் பெரிய சதுக்கத்தில்
ஒரு மார்கழி முழுவதும்
நூற்றுப் பதினேழு படங்கள்.
நரன்தூல் சந்தையில் கிலோக் கணக்கில் வாங்கிய
கொரியா கோட்டு,
அதன்மேல் ஆரஞ்சுப் பட்டில் இடைக்கச்சை.
படம் எடுத்தவன் எர்தெம்,
மின்நிலையத்தில் இரவு ஷிப்ட் முடித்து நேரே வந்தவன்.
சிரி என்பான்.
என் இமைமயிர் ஒட்டிக்கொண்டிருக்கும்.

பின்தொடர்ந்தவர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு.
பாதி உறவு.
ஒருவர் தார்க்கானில் டயர் விற்பவர்,
எந்தப் படம் போட்டாலும்
கீழே ஒரு குதிரை பொம்மை வைத்துவிட்டுப் போவார்.

ஹேஷ்டேக் முப்பது போட்டுப் பார்த்தேன்,
பிறகு மூன்று.
காலை ஏழு மணி ராசி என்றார்கள்,
இரவு ஒன்பது என்றார்கள்.
இரண்டு வேளையும் குதிரை மட்டும் வந்தது.

நவம்பரில் காஷ்மீர் கம்பளி ஆடைவிழா.
அழைப்பிதழ் கேட்டு எட்டு மின்னஞ்சல்.
ஒன்றுக்குத்தான் பதில்:
கோட்டு வாங்கி வைக்க ஆள் தேவை,
மூன்று இரவு, சாப்பாடு உண்டு.

போனேன்.

பித்தளை வில்லை ஒன்று அவர்களுக்கு,
அதே எண்ணில் இன்னொன்று கொக்கிக்கு.
கதவுக்கு அந்தப் பக்கம் இசை.
மேடையில் நடந்த எதையும் நான் பார்க்கவில்லை,
பார்க்க வந்தவர்கள்
உரித்துக் கொடுத்ததைப் பார்த்தேன்.

கொக்கியில் மாட்டும்போது
கோட்டு தானாகவே திறந்துகொள்கிறது.
முப்பத்தொன்று: நரிரோமக் கழுத்து,
உள்ளே அக்குளருகில் நான்கு சேஃப்டி பின்.
ஐம்பத்தெட்டு: விலைச்சீட்டு அறுக்கப்படவில்லை,
நாளைக்கே கடையில் திருப்பிவிடலாம் என்று.
ஏழு: அன்றைய ஆடைகளை வடிவமைத்தவருடையது.
வெளியே ஒட்டகச் சாம்பல், ஒரு சுருக்கம் இல்லை.
உள்ளே லைனிங் முழுக்கக்
குழந்தைப் போர்வைத் துணி, மஞ்சள் வாத்துகள்,
கோணல்மாணலாகக் கைத்தையல்.

ஆள் பாதி ஆடை பாதியாம்.
அந்த ஆடையிலும் பாதி
யார் கண்ணிலும் படாமல் முதுகை உரசிக்கொண்டிருக்கிறது.

முகம் இல்லை, பெயர் இல்லை, எண் மட்டும்.
உள்ளே கதகதப்பு,
கைப்பேசி ஒருமுறைகூடச் சாகவில்லை.
மூன்று இரவில் தொண்ணூறு உட்புறங்கள்.

மறுவாரம் நாற்பத்தோராயிரம் பேர்.
எர்தெம் தொலைபேசியில் கத்தினான்,
பின்னால் கொதிகலன் சத்தம்.
சோல் நகரிலிருந்து ஒரு பத்திரிகை,
பொத்தான் விற்கும் கம்பெனி,
எனக்குத் திருமணமாகிவிட்டதா என்று கேட்ட பதினான்கு பேர்.

ஏழாம் எண்ணும் எழுதினார். ஒரே வரி:
அந்த வாத்துகளை நான் யாருக்கும் காட்டியதில்லை.
அழிக்கச் சொல்லவில்லை,
திட்டவில்லை,
யாருடைய போர்வை என்றும் சொல்லவில்லை.

அழித்தேன்.
அதற்குள் அறுநூறு பேர் சேமித்திருந்தார்கள்.
தார்க்கான் டயர்க்காரர்
அந்தப் படத்துக்கு மட்டும்
குதிரை வைக்கவில்லை என்பதை
அழிக்கும்போதுதான் கவனித்தேன்.

இந்த வருடம் எனக்கு நாற்காலி,
இரண்டாம் வரிசை,
முதுகில் என் பெயர், மரல்மா,
எழுத்துப்பிழை இல்லாமல்.
வாசலில் புதிய பெண் கை நீட்டினாள்.
பத்தொன்பது வயதிருக்கும்.
மேசையில் அவள் கைப்பேசி
குப்புறக் கிடந்தது.

கடைசிப் பொத்தான்வரை போட்டுக்கொண்டு
உள்ளே போய் உட்கார்ந்தேன்.
விளக்குகள் சுட்டன. முதுகில் வேர்வை
கோடாக இறங்கியது.
பக்கத்து நாற்காலிக்காரி
என் கழுத்துவரை பார்த்துவிட்டுக் கேட்டாள்,
குளிர்கிறதா?

ஆமாம் என்றேன்.